சிப்பித் தீவுக்கு வசனம் எழுதிய நாட்கள்

5 பிப்ரவரி 1979, திங்கள்

பதினான்கு ஆண்டுகளாகப் பிறர் எழுதிய வசனங்களைக் கார்பன் தாள் வைத்து மூன்று பிரதிகளாக எழுதிக்கொடுத்துவந்த என் கைக்கு, இன்று சொந்தமாக எழுதும் உரிமை கிடைத்தது. இதை எதிர்பார்த்தேன் என்று எழுதுவது தற்பெருமை. எதிர்பார்க்கவில்லை என்று எழுதுவது பொய். ஆகவே இரண்டையும் எழுதாமல் விடுகிறேன்.

நடந்தது இதுதான். பிறமொழிப் படங்களுக்குத் தமிழ்க் குரல் சேர்த்து வெளியிடும் எங்கள் முதலாளி சிதம்பரநாதன், பம்பாயிலிருந்து பழைய ஜப்பானியத் திகில் படம் ஒன்றை வாங்கியிருக்கிறார். கப்பல் உடைந்து ஆளற்ற தீவில் ஒதுங்கிய ஏழு பேரின் கதை. பெட்டிக்கு ஒரு ரீலாகப் பெட்டிகள் ஒன்பது வந்தன. வசனத் தாள்கள் வரவில்லை. வழியில் கிடங்குக்குள் மழைநீர் புகுந்ததால் பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்த எண் சீட்டுகளும் கூழாகிவிட்டன. தொடக்க எழுத்தையும் முடிவு எழுத்தையும் பம்பாய்க்காரர்கள் ஏற்கெனவே வெட்டி எடுத்துவிட்டனர். எது முதல் ரீல், எது கடைசி ரீல் என்பதே தெரியாது.

வழக்கமாக எங்களுக்கு எழுதும் வித்துவான் கார்மேகனார், "அர்த்தம் தெரியாத படத்துக்கு எழுத நான் என்ன ஜோசியனா?" என்று எழுந்து போய்விட்டார். முதலாளியின் பார்வை அறையைச் சுற்றிவந்து என்மேல் நின்றது.

"ஏம்மா அங்கயற்கண்ணி, எப்பப் பாத்தாலும் புஸ்தகமும் கையுமா இருக்கியே. வாய் அசையிறதுக்குத் தக்கன தமிழ்ல நிரப்பணும், அவ்வளவுதான். செய்வியா?"

"இயலும் ஐயா."

"டைட்டில்ல உன் பேருதான். ஆனா ஒண்ணு. எங்கயாச்சும் கோளாறுன்னு தெரிஞ்சுது, கார்மேகத்தைக் கூட்டியாந்து சரிபண்ணச் சொல்லிருவேன். அப்புறம் கார்டுல அவரு பேருதான்."

எட்டாம் வகுப்போடு பள்ளி என்னை விட்டது. நான் படிப்பை விடவில்லை. அருப்புக்கோட்டையின் வாடகை நூலகம் ஒன்றையும் சென்னையின் பொது நூலகங்கள் இரண்டையும் முழுமையாகக் கடந்துவந்தவள் நான். கோளாறு நேர வழியில்லை.

"வசனம்: அருப்புக்கோட்டை அங்கயற்கண்ணி" என்று இந்நோட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். பேனா சரியாக எழுதுகிறதா என்று சோதிக்க.

7 பிப்ரவரி, புதன்

மண்ணெண்ணெய் வரிசையில் இரண்டு மணி நேரம். எனக்கு முன்னால் நின்ற பெண்மணியிடம், நான் இனி பிரதி எழுதுபவள் அல்லள் என்பதைப் பேச்சுவாக்கில் தெரிவிக்க நேர்ந்தது.

பிறகு ஸ்டுடியோ. படத்தொகுப்பு அறையில் ஆரோக்கியம் மூவியோலாவைத் துடைத்து வைத்திருந்தார். உள்ளங்கை அகலத் திரையில் படத்தை ஓட்டியும் நிறுத்தியும் பார்க்கும் இயந்திரம் அது. ஆரோக்கியம் அதன் முன்னால் இருபத்திரண்டு ஆண்டுகளாக அமர்ந்திருக்கிறார். என்னை 'டீச்சரம்மா' என்று அழைப்பார். நான் எங்கும் ஆசிரியையாக இருந்ததில்லை. ஆயினும் ஒருவர் தரும் மரியாதையைத் திருத்துவது பண்பாகாது.

மாலைவரை ஒன்பது ரீல்களையும் பார்த்தோம். தீவெங்கும் பனிமூட்டம். பாறைகளில் வெண்ணிறச் சிப்பிகள். அவற்றை உண்ணாதீர்கள் என்று கப்பல் தலைவர் தடுக்கிறார். பசி தாங்காமல் ஒவ்வொருவராக மறைவில் உண்கிறார்கள். உண்டவர்களின் கழுத்திலும் கையிலும் சிப்பி முளைக்கிறது. பிறகு அவர்கள் பனிக்குள் நடந்து மறைந்துவிடுகிறார்கள்.

"எதை முன்னால வைக்கிறது டீச்சரம்மா? எல்லா ரீல்லயும் கடலு. எல்லா ரீல்லயும் பனி."

நான் சிறிது நேரம் கண்மூடிச் சிந்தித்து, "தாடி," என்றேன்.

"யாரு தாடி?"

"தலைவருடையது. தீவில் நாவிதர் இல்லை. தாடி வளருமே தவிரக் குறையாது. தாடியின் நீளமே காலத்தின் நீளம்."

ஆரோக்கியம் வாயைப் பிளந்தார். ஒவ்வொரு ரீலிலும் தலைவரின் முகத்தில் படத்தை நிறுத்தி, நூல் வைத்து அளந்தோம். அரை அங்குலத் தாடியில் கப்பல் உடைகிறது. மார்பைத் தொடும் தாடியில் அவர் கடற்கரையில் மண்டியிடுகிறார். ஒரு ரீலில் மட்டும் தாடி அறவே இல்லை. அதில் ஏழு பேரும் நலமாக, கப்பலின் உணவறையில், மேசையைச் சுற்றி அமர்ந்து விருந்துண்கிறார்கள். ஆகவே அது பயணத்துக்கு முந்தையது. அதுவே முதல் ரீல்.

கல்லூரியில் இதைக் கற்றுத்தருவார்களா என்பது ஐயமே.

9 பிப்ரவரி, வெள்ளி

முதல் ரீல் எழுதினேன். விருந்தில் எல்லோரும் வெள்ளுடை உடுத்தியிருக்கிறார்கள். முகமெல்லாம் மாவு பூசியதுபோல் வெண்மை. அந்த ஏழு பேருள் ஒருத்தியான கதாநாயகி கடைசியாகக் கதவைத் திறந்துகொண்டு வருகிறாள். எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். காலியாக வைத்திருந்த நாற்காலியில் அமர்கிறாள்; அழுகிறாள்; தலைவர் தன் தட்டிலிருந்து எடுத்து ஊட்டுகிறார்; அழுதுகொண்டே உண்கிறாள்.

ஜப்பானிய மணப்பெண்கள் வெள்ளுடை அணிவர், முகத்துக்கு வெண்பூச்சு இடுவர் என்று நூலகத்தில் படித்திருக்கிறேன். படித்தது ஒருநாள் உதவும். இது திருமண விருந்து. அவள் பிறந்தகம் பிரியும் மணமகள். தலைவர் அவள் தந்தை. அவருக்கு நான் எழுதியது: "அழாதே மகளே. புகுந்த வீட்டில் நற்பெயர் எடு."

ஆரோக்கியம் காதைச் சொறிந்தார். "எல்லாம் சரி டீச்சரம்மா. கல்யாண வீட்டுல ஒருத்தன்கூடச் சிரிக்கலையே?"

"மாப்பிள்ளை வீட்டார் எந்த ஊரில் சிரித்தார்கள்?"

"அதுவும் சரிதான். என் கல்யாணத்துல எங்க அப்பாரு கடைசிவரைக்கும் முறைச்சுக்கிட்டேதான் நின்னாரு."

கதாநாயகிக்கு முத்தழகி என்று பெயரிட்டேன்.

16 பிப்ரவரி, வெள்ளி

சேலைகளுக்குக் கஞ்சி போட்டேன். நான்காம் ரீல் நிறைவுற்றது.

22 பிப்ரவரி, வியாழன்

குரல் பதிவு தொடங்கியது. தலைவருக்குக் குரல் கொடுப்பவர் கோவர்த்தனன். நாடகக் கம்பெனியில் இருபது ஆண்டுகள் இரணியனாக நின்றவர், இடி போன்ற குரல். துண்டுப் படம் திரும்பத் திரும்பத் திரையில் ஓடும். உதட்டசைவு தொடங்கும்போது தொடங்கி, முடியும்போது முடிக்க வேண்டும்.

நான் எழுதியிருந்தது: "அன்பர்காள்! பசியென்னும் பாழும் பகைவனுக்கு நாம் பணிந்துவிடல் தகுமோ?"

ஐந்து முறை முயன்ற பிறகு அவர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து கையெடுத்துக் கும்பிட்டார். "டீச்சரம்மா! அந்தாளு வாயை மூடிட்டு பாறை மேல ஏறியே போயிட்டான். நான் இன்னும் பாழும் பகைவன்லயே நிக்கிறேன்!"

முதலாளி பின்னால் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. "'பசிக்குதேன்னு சிப்பியத் தின்னுராதீங்கடா' அப்படின்னா முடிஞ்சு போச்சு. அப்புறம் அந்தக் குண்டனுக்கு ஏதாச்சும் காமெடி வைம்மா. படம் முழுக்க எல்லாரும் செத்தா ஜனம் எங்க போகும்?"

தமிழின் மாண்பைப் பற்றி அவரிடம் சில சொற்கள் உரைத்தேன். "கார்மேகம் சும்மாத்தான் இருக்காரு," என்றார் அவர்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. இடத்துக்கேற்ற நடை என்பது இலக்கணமே ஒப்புக்கொண்ட நெறி. முதலாளி சொன்ன அந்தப் பருத்த மனிதரின் காலை நண்டு கவ்வும் இடத்தில், "ஐயோ, என் மாமியா இங்கயும் வந்துட்டாளா!" என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். கூடத்தில் பெருஞ்சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களுள் நான் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். 'இங்கயும்' என்பதா, 'இங்கேயுமா' என்பதா என்று முடிவு செய்ய ஒரு மணி நேரம் ஆயிற்று.

27 பிப்ரவரி, செவ்வாய்

யாரும் கேட்காமலே மேலும் நான்கு நகைச்சுவை வரிகள் சேர்த்தேன். கதையின் நலன் கருதி.

6 மார்ச், செவ்வாய்

ஒன்பதாம் ரீல். மார்பளவு தாடியோடு தலைவர் கடற்கரையில் மண்டியிட்டிருக்கிறார். உடல் முழுவதும் சிப்பி முளைத்தவர்கள் பனியிலிருந்து வெளிவந்து அவரைச் சூழ்கிறார்கள். ஒருவர் கையில் வெண்சிப்பி. தலைவர் இரு கைகளையும் நீட்டி, கண்ணீர் வழிய, ஒரே சொற்களை மீண்டும் மீண்டும் சொல்கிறார். தொலைவில் முத்தழகி கரையோரமாக நடந்து போகிறாள். அத்தோடு படம் முடிகிறது.

தூய தமிழுக்கு இவ்விடத்திலாவது இடமுண்டு என்று முதலாளியிடம் வாதாடி வென்றேன். உதட்டசைவும் குறுகியது. "உண்ணேன்! உயிர் பிரியினும் உண்ணேன்! உண்ணேன்!"

கோவர்த்தனன் ஒரே முயற்சியில் முடித்தார். வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இரணியனுக்கு அப்புறம் இதுதான் டீச்சரம்மா," என்றார்.

மன உறுதியைப் பற்றித் தமிழில் இவ்வளவு சுருக்கமாக எழுதப்பட்டதில்லை என்று நினைக்கிறேன். நினைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

14 மார்ச், புதன்

இன்றைய நிகழ்ச்சியை உள்ளவாறு எழுதுகிறேன்.

பேச்சுக்குத்தான் தமிழ்; காற்று, அலை, அலறல் ஆகியவை ஜப்பானிய ஒலித்தடத்திலிருந்தே எடுக்கப்படுகின்றன. முதலாளிக்குத் திடீரென்று அச்சம் வந்துவிட்டது. அந்த அலறல்களில் ஏதேனும் கெட்ட வார்த்தை இருந்து, தணிக்கைக் குழுவில் யாருக்காவது புரிந்துவிட்டால்? ஜப்பானியக் கப்பல்களில் பதினோரு ஆண்டுகள் சமையற்காரராக இருந்து, இப்போது மண்ணடியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் நெய்னா முகம்மது என்பவரை, அலறல்களைக் கேட்டுச் சொல்ல அனுப்பிவைத்தார். காயல்பட்டினத்துக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். செருப்பை வாசலில் விட்டு வந்து, ஆரோக்கியத்துக்கும் எனக்கும் நடுவில் முக்காலியில் அமர்ந்தார்.

"இது 'அம்மா'ங்குறான். இது வெறும் அலறல். இதுவும் அலறல்தான். கெட்ட வார்த்தை ஒண்ணும் இல்லீங்க, நல்ல குடும்பத்துப் படம்."

ஒன்பதாம் ரீலில் தலைவர் மண்டியிட்டதும் அவர் நிமிர்ந்தார். "இவருக்கு என்னம்மா எழுதியிருக்கீங்க?"

ஆரோக்கியம் தமிழ்த் தடத்தை ஓட்டினார். உண்ணேன், உயிர் பிரியினும் உண்ணேன்.

நெய்னா முகம்மது தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா. இவரு 'எனக்கும் ஒண்ணு குடுங்க'ன்னு கேக்குறாரு. திரும்பத் திரும்ப அதேதான். 'ஒண்ணே ஒண்ணு. எனக்கும் ஒண்ணு'."

பிறகு அவரே கேட்டார்: "இதுக்கு அடுத்த ரீலு?"

"இதுவே இறுதி," என்றேன்.

"இருக்காதுங்களே. சிப்பி முளைச்சவன் ஒருத்தன் சொல்றானே, 'வாங்க, உடைஞ்ச கப்பல்ல மேசை போட்டாச்சு, அந்தப் பொண்ணும் பசிச்சா வந்துருவா'ன்னு."

ஆரோக்கியம் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், நான் கேட்காமலே, முதல் ரீலை எடுத்து மாட்டினார். ஜப்பானிய ஒலியோடு திருமண விருந்து ஓடியது. நெய்னா முகம்மது மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். அவர்கள் அணிந்திருப்பது கப்பலில் எஞ்சிய படுக்கை விரிப்புகள். அவர்கள் உண்பது சிப்பி. முளைத்த ஓடுகளெல்லாம் உதிர்ந்து, முடியும் உதிர்ந்து, முத்துப்போல் வழவழப்பாகிவிட்ட முகங்கள் அவை. தாடி வளரவே இல்லை என்பதன்று; தாடி உதிர்ந்துவிட்டது. கடைசிவரை உண்ணாதிருந்த பெண் கதவைத் திறந்துகொண்டு வருகிறாள். தலைவர் அவளுக்கு ஊட்டியவாறு சொல்வது: "முதல் வாய்தான் கஷ்டம்."

ஆரோக்கியம் முதலில் இருமினார். பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. "கருமாதிச் சாப்பாட்டுக்குக் கல்யாணம் பண்ணி வச்சுட்டோமே டீச்சரம்மா!"

நெய்னா முகம்மதுவின் ஜப்பானியம் முறையாகப் பயின்றதன்று, அடுப்படியில் கேட்டுக் கற்றது என்பதை இங்கே குறித்துவைக்க வேண்டும்.

15 மார்ச், வியாழன்

துணி துவைத்தேன். துவைத்த துணிகளையே மீண்டும் துவைத்தேன்.

ரீலை இடம் மாற்றி ஒட்ட ஆரோக்கியத்துக்கு அரை நாள் போதும். ஆனால் கல்யாண வசனம் முழுவதையும் புதிதாக எழுதிப் பதிவு செய்ய வேண்டும்; அதற்கு முதலாளியிடம் சொல்ல வேண்டும்; சொன்னால் கார்மேகனார் வருவார். வெள்ளை எழுத்தில் அவர் பெயர்.

பேருந்தேறி மண்ணடிக்குச் சென்றேன். மீன் பொரியும் மணம் தெருமுனைவரை வந்தது. நெய்னா முகம்மது கல்லாவைவிட்டு எழுந்து வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உட்காருங்கம்மா. டீ சாப்பிடுறீங்களா?"

கலைப்படைப்பொன்றின் உண்மையான வரிசை என்பது பார்ப்பவர் மனத்தில் அமைவது என்பதையும், ஆகவே நேற்று அவர் கூறியவை வெளியே பரவத் தேவையில்லை என்பதையும் எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நான் ஏம்மா யாருகிட்டயும் சொல்லப்போறேன்? அலறலைக் கேக்கச் சொன்னாங்க, கேட்டேன்."

"வாக்கு வேண்டும்."

"வாக்கா?" கரண்டியைக் கீழே வைத்தார். "வாக்குன்னு கேட்டீங்கன்னா அது பெரிய விஷயம்மா. குடுத்துட்டா பொறவு நீங்களே வந்து கேட்டாலும் திரும்பாது."

"எனக்கு வேண்டியது அதுவே."

கொடுத்தார். டைட்டிலில் 'ஜப்பானிய மொழி ஆலோசகர்' என்று அவர் பெயரைப் போடச் செய்வதாகச் சொன்னேன். சிரித்தார். "என் பேரைப் பாத்தா கடைக்கு ஆளு வருது? மீன் வாசத்துக்கு வருது. வேண்டாம்மா."

விந்தையான மனிதர்.

17 மார்ச், சனி

ஆரோக்கியம் விந்தையான மனிதரல்லர்.

"நான் கேக்குறது ஒண்ணுமில்ல டீச்சரம்மா. இருபத்திரண்டு வருஷமா ஊரான் படத்தையெல்லாம் வெட்டி ஒட்டுறேன். என் பேரு ஒருதரம் திரையில வந்ததில்ல. எங்க மாமியாரு நான் ஏதோ ஸ்டுடியோவுல தறி ஓட்டுறேன்னே நினைச்சுக்கிட்டிருக்கு."

நானே முதலாளியிடம் பரிந்துரைத்தேன். பதவியின் பெயரையும் நானே அமைத்துக்கொடுத்தேன்: 'காட்சி வரிசைக் கலை: எஸ். ஆரோக்கியம்.' முதலாளி புருவத்தை உயர்த்தி, "அப்படின்னா?" என்றார். வெளிநாடுகளில் உள்ள வழக்கம் என்றேன். ஒத்துக்கொண்டார்.

ஆரோக்கியம் என் காலில் விழ வந்தார், தடுத்துவிட்டேன். இதில் எனக்கு வேறு நோக்கம் எதுவும் இல்லை. வரிசையில் பிழை கண்டுபிடிக்கப்படுமாயின், வரிசைக்குப் பெயர் கொடுத்தவரையே உலகம் கேட்கும். அது உலகத்தின் வழக்கம்; நான் ஏற்படுத்தியதன்று.

29 மார்ச், வியாழன்

தணிக்கை முடிந்தது. ஒன்றையும் வெட்டவில்லை. குழுவினருள் ஒருவர், கல்யாணக் காட்சியில் கண் கலங்கியதாகச் சொன்னாராம்.

4 மே, வெள்ளி

வெளியீடு. வடசென்னையில் ஒரு பழைய கொட்டகை, பகல் காட்சி. 'சிப்பித் தீவின் மர்மம்' என்று முதலாளி வைத்த பெயர் சுவரொட்டியில் இருந்தது. சேலைக்கு இருமுறை கஞ்சி போட்டுச் சென்றேன்.

எழுத்துகள் ஓடின. 'காட்சி வரிசைக் கலை' போயிற்று. அடுத்தது வசனம். சரியாக அந்நேரத்தில் முன்வரிசையில் ஒருவர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். 'கண்ணி' என்ற பகுதியை மட்டும் கண்டேன். வேட்டி கட்டி முடித்தபோது கடல் வந்துவிட்டது.

மாமியார் வரிக்குக் கொட்டகை அதிர்ந்தது. 'உயிர் பிரியினும் உண்ணேன்' என்ற இடத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்: "அட சாப்புட்றா டேய், யாரு உன்னைக் கேக்கப்போறா!" மீண்டும் அதிர்ந்தது. முத்தழகி கரையோரமாக நடந்துபோய்ப் படம் முடிந்ததும், யாரும் எழவில்லை. அவ்வளவுதானா என்பதுபோல் அமர்ந்திருந்தார்கள். பிறகு என் பக்கத்திலிருந்த பெண் தன் கணவனிடம், "ஏங்க, மொதல்ல அந்தக் கல்யாணத்துல தின்னாங்களே, அது என்னது?" என்றாள். அவன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினான்.

மாலைக் காட்சிக்கு மீண்டும் சீட்டு வாங்கினேன். இம்முறை முழுப் பெயரையும் கண்டேன். ஊர்ப்பெயருக்கும் என் பெயருக்கும் நடுவில் இடைவெளி போதவில்லை.

13 மே, ஞாயிறு

கூட்டம் குறையவில்லை. கல்லூரி மாணவர்கள் முதல் ரீலைப் பார்ப்பதற்காகவே இரண்டாம் முறை வருகிறார்களாம். படம் முடிந்ததும் எழாமல், அடுத்த காட்சியின் கல்யாணம்வரை இருந்து பார்த்துவிட்டுப் போகிறோம் என்று வாயிற்காவலரிடம் மன்றாடுகிறார்களாம். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்குடா ஓடுது?" என்று ஆரோக்கியத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

20 மே, ஞாயிறு

வார இதழில் மதிப்புரை. ஒன்றரைப் பக்கம். இங்கே படியெடுத்து வைக்கிறேன். அது என் பழைய தொழில்.

"திருமண விருந்தென்று நாம் நம்பி ரசித்த முதற்காட்சி, உண்மையில் எல்லாவற்றுக்கும் முடிவு என்பது கொட்டகையை விட்டு வெளியே வந்து தெருவில் நடக்கும்போதுதான் உறைக்கிறது. முடிவை முதலில் வைத்து, நம் கண்ணெதிரே ஒளித்த இந்தத் துணிச்சல் தமிழ்த்திரைக்குப் புதிது. காட்சி வரிசைக் கலைஞர் எஸ். ஆரோக்கியம் ஒரு மேதை. வசனத்தைப் பொறுத்தவரை, எழுதியவரின் பெயரைக் குறிப்பிடாமல் விடுவதே அவருக்கு நாம் செய்யக்கூடிய உதவி."

இதழை மடித்து அரிசி டப்பாவின் மேல் வைத்தேன். பிறகு எடுத்து அலமாரியில் வைத்தேன். ரசத்துக்கு உப்புப் போட மறந்தேன். அல்லது இருமுறை போட்டேன்.

22 மே, செவ்வாய்

இதழாசிரியருக்கு மடல் வரைந்தேன். நான்கு பக்கம். அந்த வரிசை ஒரு பிழை; அப்பிழை முழுக்க முழுக்க என்னுடையது; தாடியை நூல்கொண்டு அளந்தவள் நானே; வேறு எவருக்கும் அப்பிழையில் எள்ளளவும் பங்கில்லை. என் வாழ்நாளில் இவ்வளவு தெளிவாக வேறெதையும் எழுதியதில்லை.

அஞ்சலில் சேர்க்குமுன் ஆரோக்கியத்திடம் தெரிவிப்பதே நேர்மை என்று சென்றேன். மதிப்புரையைச் சட்டம் போட்டு மூவியோலாவுக்கு மேல் மாட்டியிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"டீச்சரம்மா, நான் கேட்டது சும்மா ஒரு பேரு. அந்தப் பெரிய வார்த்தையெல்லாம் நீங்களாத்தானே போட்டுக் குடுத்தீங்க? இப்ப மாமியாரு என்னைய 'வாங்க மாப்ளே'ங்குது. பதினெட்டு வருஷத்துல முதல் தடவையா 'ங்க' போடுது."

"உண்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா?"

"இருக்கு. யாரு கேட்டாங்க?"

மடலை அஞ்சலில் சேர்த்தேன்.

30 மே, புதன்

இதழிலிருந்து அஞ்சலட்டை. "அன்புடையீர், அந்த ரீலைத் தாமே முதலில் வைத்ததாக உரிமை கொண்டாடி இதுவரை எங்களுக்கு ஏழு கடிதங்கள் வந்துள்ளன. தங்களுடையது எட்டாவது. தக்க சாட்சி இருந்தால் தெரிவிக்கவும்."

சாட்சி மண்ணடியில் இருக்கிறது. உடனே சென்றேன். பகல் சாப்பாட்டுக் கூட்டம். நெய்னா முகம்மது பரிமாறிக்கொண்டே கேட்டார்.

"பத்திரிகைக்காரர் வந்தா நடந்ததைச் சொல்லணுமா? எப்படிம்மா? வாக்குக் குடுத்திருக்கேனே."

"வாங்கியவள் நான். நானே உங்களை விடுவிக்கிறேன்."

"நீங்க வாங்குனது என் வாக்கும்மா. அது என்கிட்ட இருக்கு, உங்ககிட்ட இல்ல." ஒருவருக்குக் குழம்பு ஊற்றிவிட்டு வந்தார். "அன்னைக்கே சொன்னேன்ல, திரும்பாதுன்னு?"

"அன்று நிலைமை வேறு."

"நிலைமை மாறும்னுதானே ஜனங்க வாக்கு கேக்குறது?"

ஓர் இலையைப் போட்டு என்னை உட்கார வைத்தார். உண்டேன். மீன் நன்றாகவே இருந்தது.

5 ஜூன், செவ்வாய்

முதலாளி இன்னொரு ஜப்பானியப் படம் வாங்கிவிட்டார். இம்முறை கலங்கரை விளக்கத்தில் அகப்பட்டவர்கள். பெட்டிகளில் எண்கள் உள்ளன. வசனத் தாள்கள் ஆங்கிலத்தில் முழுமையாக உள்ளன. ஆகவே கார்மேகனார் எழுதுகிறார். நான் பழைய மேசையில், கார்பன் தாள்களோடு.

"கையெழுத்து உன்னுது மாதிரி யாருக்கும்மா வரும்?" என்றார் முதலாளி. அது உண்மை.

ஆரோக்கியத்திடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது: "போன படம் மாதிரியே கலைச்சுப் போட்றணும். தீபாவளிக்கு வரணும்."

8 ஜூன், வெள்ளி

மதிய உணவு வேளையில், மற்றவர்கள் வெளியே போன பிறகு, ஆரோக்கியம் என் மேசையருகே வந்து நின்றார். கன்னம் ஒட்டியிருந்தது.

"டீச்சரம்மா, மூணு நாளா சோறு இறங்கலை. எட்டு ரீலு. இப்படி வச்சுப் பாத்தேன், அப்படி வச்சுப் பாத்தேன். எப்படி வச்சாலும் குழப்பமாத்தான் இருக்கு. கலையா இருக்க மாட்டேங்குது."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். கார்மேகனாரின் உவமை ஒன்று, அவ்வளவாகப் பொருந்தவில்லை.

"முதலாளி வேற தினம் வந்து நிக்கிறாரு. நீங்கதான் பாத்துச் சொல்லணும். உங்களுக்குத்தான் அந்தக் கண்ணு இருக்கு." சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பேரு மட்டும் என்னோடதா இருக்கட்டும். வெளியே தெரிஞ்சா என் மானம் போயிரும் டீச்சரம்மா."

பேனாவை மூடி வைத்தேன். ஒருவர் உழைப்பு இன்னொருவர் பெயரில் வெளிவருவது எத்தகைய இழிவு என்பதையும், தன்மதிப்புடைய எவரும் அதற்கு உடன்படமாட்டார் என்பதையும், அறிவுத்துறையில் நேர்மையின் இடம் யாது என்பதையும் அவருக்கு விரிவாக எடுத்துரைத்தேன். கைகட்டிக் கேட்டுக்கொண்டார். இடையில் ஒருமுறை "ஆமா, ஆமா" என்றார். அவரைப்போல் என்னைக் கவனித்துக் கேட்பவர் இந்த ஸ்டுடியோவில் வேறு யாரும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பேசி முடித்த பிறகு, அந்த எட்டுப் பெட்டிகளையும் பார்க்கலாமே என்று எழுந்து போனேன். நான் இணங்கிவிட்டதாக இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பார்ப்பது வேறு, இணங்குவது வேறு.

ஆறாம் பெட்டியைப் படத்தின் தொடக்கமாக வைத்து நாளை காலை ஒட்டச் சொல்லியிருக்கிறேன். முதல் பெட்டியில் தொடக்கத்துக்கு உரியது ஒன்றுமே இல்லை.